மலையேறப் போகிறோம்: ஒரு தீவுப் பயணத் திட்டமும் சில கேள்விகளும்

அடுத்த ஆண்டு டிசம்பரில் நாங்கள் ஐந்து பேர் ரீயூனியன் தீவுக்குப் போகிறோம். மாநாடு இல்லை, கருத்தரங்கு இல்லை, உண்மை அறியும் குழுவும் இல்லை. மலையேற, எரிமலையின் விளிம்பு வரை நடக்க, அருவித் தண்ணீரில் குதிக்க, கால் வலிக்கத் தூங்கப் போகிறோம். சுற்றுலாவுக்குத்தான்.

இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. திட்டத்தைப் பேசிய முதல் நாளே எங்களுக்குள் சண்டை வந்தது. "இந்தக் காசுல ரெண்டு பிள்ளைங்களுக்கு ஒரு வருஷ ஹாஸ்டல் ஃபீஸ் கட்டிடலாம் தோழர். நமக்கு எதுக்கு எரிமலை?" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்களில் மூத்த தோழர் சொன்னார்: "எங்கம்மாவுக்கு அறுபது வயசாகுது. இதுவரைக்கும் நாலு காரணத்துக்காகத்தான் ஊரத் தாண்டியிருக்காங்க. கரும்பு வெட்ட, செங்கல் சூளைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு. சும்மா பாக்கணும்னு அவங்க எங்கயும் போனதில்ல. நானும் அப்படியே செத்துப்போயிடக் கூடாதுன்னு தோணுது."

இரண்டு பேர் சொன்னதும் சரி. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் இந்தத் திட்டத்தைப் போட்டோம். மாணவத் தோழர்களுக்கும் இதே கேள்வி வரும் என்பதால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறோம்.

போராடுகிறவர்கள் ஊர் சுற்றலாமா?

நம் மக்கள் பயணமே போகாதவர்கள் இல்லை. வேறு யாரையும்விட அதிகம் நடந்தவர்கள் அவர்கள். பஞ்சத்தில் நடந்தார்கள், கூலிக்காக நடந்தார்கள், கப்பலேறிக் கடல் தாண்டினார்கள். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை மட்டும் பெரும்பாலும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்று இருந்த ஊர்களில், காலாற நடப்பது என்பதே சண்டைக்குரிய விஷயம்.

1934 இல் அண்ணல் அம்பேத்கரும் அவருடைய இயக்கத் தோழர்களும் ஒரு சுற்றுலா போனார்கள். சுமார் முப்பது பேர். எல்லோரா குகைகளைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். மகாடு குளத்துப் போராட்டமும் நாசிக் காலாராம் கோயில் போராட்டமும் பார்த்த தோழர்கள் அவர்கள். "நீங்கள் வந்தால் நாங்கள் வருகிறோம்" என்று அவரை அழைத்தவர்களும் அவர்கள்தான். அண்ணல் மறுக்கவில்லை. வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். புழுதி படிந்த முகத்தை வாசலருகே இருந்த தொட்டி நீரில் சிலர் கழுவினார்கள். தண்ணீர் தீட்டாகிவிட்டது என்று பெரும் கூச்சல் எழுந்தது. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள். ஆனால் உள்ளே எந்தத் தண்ணீரையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய ஒரு காவலரையும் கூடவே அனுப்பினார்கள். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இந்தச் சம்பவத்தை நாம் அவமானத்தின் கதையாகவே திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. போராட்டத்தின் நடுவே, வேலை குவிந்து கிடந்த காலத்தில், ஒரு பழைய கோட்டையையும் குகையையும் பார்க்கத் தோழர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த ஆசையை யாரும் ஆடம்பரம் என்று தள்ளிவிடவில்லை.

ஏன் இந்தத் தீவு?

ரீயூனியன், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இருக்கிறது. பரப்பளவு 2,512 சதுர கிலோமீட்டர். 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், செலவழிப்பது யூரோ. தீவு முழுவதும் கடலடியிலிருந்து எழுந்த எரிமலைதான். 3,071 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ நேஜ் (பனிச் சிகரம்) இப்போது ஓய்ந்து கிடக்கிறது. 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்நேஸ் (உலைச் சிகரம்) இன்றும் கொதிக்கிறது. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் அது ஒன்று.

தேடிப் படித்தபோது எங்களை நிமிர்ந்து உட்காரவைத்த செய்தி ஒன்று உண்டு. ரீயூனியனுக்குக் கீழே பூமியின் ஆழத்தில் ஒரு வெப்ப ஊற்று இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டம் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அதே ஊற்றின் மேல் இருந்தது. அப்போது வழிந்த குழம்பு உறைந்துதான் தக்காணத்தின் கருங்கல் அடுக்குகள் உருவாகின என்று புவியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். எல்லோராவைக் குடைந்ததும், தௌலதாபாத் கோட்டை நிற்பதும் அந்தத் தக்காணப் பாறையில்தான். அண்ணலும் தோழர்களும் 1934 இல் காவலோடு ஏறிய கல்லுக்கும் நாங்கள் ஏறப்போகும் கல்லுக்கும் ஊற்று ஒன்று. இதைக் கேட்டதும் ஹாஸ்டல் ஃபீஸ் பேசிய தோழர், "சரி, மேல சொல்லுங்க" என்றார்.

தேதி

மே முதல் நவம்பர் வரை அங்கே குளிர்ந்த, மழை குறைந்த காலம். மலையேற அதுவே சரியான பருவம். டிசம்பரில் வெயிலும் மழையும் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் அதிகம். தீவின் மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1966 ஜனவரியில் ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1,825 மில்லிமீட்டர் பெய்தது. இருபத்துநான்கு மணி நேர மழையில் உலக சாதனை அதுதான். சென்னைக்கு ஒரு வருடம் முழுவதும் கிடைக்கும் மழையைவிட அது அதிகம்.

அப்படியிருந்தும் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தோம். 1848 டிசம்பர் 20 அன்றுதான் அந்தத் தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 60,000-க்கும் மேற்பட்ட மனிதர்கள் அன்று சட்டப்படி விடுதலை பெற்றார்கள். ஆண்டுதோறும் அந்த நாள் அங்கே பொது விடுமுறை. 'ஃபெத் காஃப்' என்று கொண்டாடுகிறார்கள். தெருவெங்கும் மலோயா இசை ஒலிக்கும். அடிமைகளின் பாட்டு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட அந்த இசையை 2009 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

எனவே டிசம்பர் 8-க்குள் போய், மலை நாட்களை முதலில் முடித்துக்கொண்டு, 20 அன்று கடற்கரைக்கு வந்துவிடுவது எங்கள் கணக்கு. மழை வந்தால் விட்டுக்கொடுக்க இரண்டு நாட்களைச் சும்மா வைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் மலை இல்லை. அதில் பேச்சுக்கே இடமில்லை.

முதல் நான்கு நாட்கள்: சாலை இல்லாத ஊர்

பனிச் சிகரத்தைச் சுற்றி மூன்று பெரும் கிண்ணங்கள்போல மலைப்பள்ளங்கள் இருக்கின்றன: சலாஸி, மஃபாத், சிலாவோஸ். செங்குத்தான மலைச்சுவர்கள் அவற்றைச் சூழ்ந்திருக்கின்றன. 2010 இல் இந்த நிலப்பகுதி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மஃபாத்துக்குள் இன்றுவரை வாகனச் சாலை கிடையாது. சில நூறு பேர் அங்கே குக்கிராமங்களில் வாழ்கிறார்கள். சிமெண்டு மூட்டையும் எரிவாயு உருளையும் ஹெலிகாப்டரில் வருகின்றன. மற்றபடி எல்லோரும் நடக்கத்தான் வேண்டும்.

எங்கள் பாதை இது. சலாஸி பக்கமிருந்து கோல் தே பெ (மாட்டுக் கணவாய்) வழியாக இறங்கி லா நூவெல் கிராமத்தில் முதல் இரவு. அடுத்த நாள் த்ருவா ரோஷ் அருவி வழியாக மர்லாவில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் 2,000 மீட்டருக்கு மேலிருக்கும் தைபித் கணவாயைத் தாண்டி சிலாவோசுக்குள் இறங்க வேண்டும். நான்காம் நாள் ஓய்வு. சிலாவோசில் வெந்நீர் ஊற்று உண்டு, பேர்பெற்ற பருப்பு விளைகிறது. கயிற்றில் தொங்கி மலையிடுக்கு அருவிகளில் இறங்கும் கேன்யனிங் செய்யவும் அதுவே நல்ல இடம். வழிகாட்டி இல்லாமல் அதைச் செய்வதில்லை என்று முடிவு.

இந்தப் பள்ளங்களில் முதலில் குடியேறியவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் 'சாகசம்' என்ற சொல் எங்களுக்கு நெருடியது. 18ஆம் நூற்றாண்டில் கடற்கரைக் காப்பித் தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் இந்த மலைகளில் ஏறி ஒளிந்து வாழ்ந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். 'மரோன்' என்பது தப்பியோடியவர்களுக்குப் பெயர். 1723 ஆம் ஆண்டின் அடிமைச் சட்டம் அவர்களுக்கான தண்டனையை வரிசைப்படுத்தி வைத்திருந்தது. முதல் முறை ஓடினால் காதை அறுத்துத் தோளில் சூடு போடு. இரண்டாம் முறை ஓடினால் முழங்காலின் பின்புறத் தசைநாரை வெட்டு. மூன்றாம் முறை கொல்.

அந்தத் தசைநாரை ஏன் வெட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஓடிய குற்றத்துக்கு அது தண்டனை. இனி எந்த மலையிலும் ஏற முடியாமல் செய்கிற ஏற்பாடும் அதுதான். மலையேறுவதே அங்கே குற்றமாக இருந்தது.

தப்பியவர்களைப் பிடிக்க வேட்டைப் படைகள் இருந்தன. கொன்றதற்குச் சான்றாகக் கையை வெட்டிக் கொண்டுவந்து காட்டிப் பரிசு வாங்கினார்கள். அந்த வேட்டைக்காரர்களில் பேர்போனவன் ஃபிரான்சுவா முசார். மரோன் தலைவர் மஃபாத்தை 1751 இல் கொன்றது அவன் படைதான் என்கிறார்கள். இன்று அந்தப் பள்ளத்தின் பெயர் மஃபாத். சிலாவோஸ் என்ற பெயரும் மடகாஸ்கர் மொழியிலிருந்து வந்தது. விட்டு நீங்காத இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சலாஸிக்கும் மஃபாத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு சிகரத்தின் பெயர் சிமாந்தேஃப். அடிமையாக மறுத்தவன் என்று பொருள் சொல்கிறார்கள். சலாஸியில் நிற்கும் ஆன்ஷேன் குன்றின் உச்சியில் ஒரு மரோன் தன் துணைவி ஏவாவோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்தான் என்பது தீவில் எல்லோரும் சொல்லும் கதை.

நம் ஊரில் தெருவுக்குப் பெயர் வைப்பதற்கே எத்தனை கலவரம் என்பது தோழர்களுக்குத் தெரியும். அங்கே ஓடியவர்களின் பெயர் மலைக்கே நின்றுவிட்டது. பனிச் சிகரத்தின் பக்கத்தில் வேட்டைக்காரன் முசாரின் பெயரிலும் ஒரு குகை இருக்கிறது. வரைபடத்தில் இரண்டு பெயர்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.

மலை விடுதிகளை அங்கே 'ஜீத்' என்கிறார்கள். அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. இரவு உணவு பெரும்பாலும் ஒரே நீள மேசையில் எல்லோருக்கும் சேர்த்து வைக்கப்படும்: சோறு, பருப்பு அல்லது பீன்ஸ், 'கரி', 'ருகாய்' என்ற காரத் தொக்கு. எங்களில் ஒருவர் பள்ளிக் காலம் வரை டீக்கடையில் தனிக்குவளையில் குடித்தவர். முன்பதிவுப் படங்களில் அந்த நீள மேசையைத்தான் அவர் பெரிதாக்கிப் பார்த்தார். மலையை அப்புறம் பார்த்தார்.

சிகரமும் உலையும்

ஐந்தாம் நாள் சிலாவோசிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, 2,479 மீட்டர் உயரத்திலுள்ள கவெர்ன் துஃபூர் விடுதியில் தங்கல். நள்ளிரவுக்குப் பிறகு தலைவிளக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினால் சூரியன் எழும்போது உச்சியில் நிற்கலாம். வெப்பமண்டலத் தீவுதானே என்று மெல்லிய சட்டையோடு போகக் கூடாது. விடியலில் உச்சியில் விரல் விறைக்கும் குளிர் இருக்கும். கம்பளித் தொப்பி, கையுறை, மழைச்சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி ஆகியவை கட்டாயம்.

அந்த உயரத்து வாழ்க்கைக்கும் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. சிலாவோஸ் மலைச்சுவரில் 2,000 மீட்டருக்கு மேல், எளிதில் எட்ட முடியாத ஓர் இடத்தில், கற்களை அடுக்கிக் கட்டிய சிறு குடில்களின் எச்சத்தை 2011, 2012 ஆம் ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் அகழ்ந்தார்கள். மரோன்கள் தங்கிய இடம் அது. அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ரகசியப் பள்ளத்தாக்கு'. அங்கே நாங்கள் போகப்போவதில்லை. தங்கள் இருப்பிடத்தை மறைத்துக் காத்தவர்களின் இடம் அது. தூரத்திலிருந்து மலையைப் பார்த்தாலே போதும்.

சிகரத்திலிருந்து மறுபக்கம் இறங்கி பூர் மியூரா என்ற மேட்டூருக்குப் போனால் அடுத்தது எரிமலை. 1979 முதல் அங்கே ஆய்வகம் இயங்குகிறது. பூமி வீங்குவதையும் நடுங்குவதையும் இரவு பகலாகக் கவனிக்கிறார்கள். சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் பா தெ பெல்கோம்ப் வரை சாலை உண்டு. அங்கிருந்து மலைச்சுவரில் படிகளில் இறங்கி, ஃபோர்மிகா லியோ என்ற செந்நிறக் குட்டிக் கூம்பைத் தாண்டி, உறைந்த குழம்பின் மேல் போட்டிருக்கும் வெள்ளைப் புள்ளிகளைப் பின்பற்றி நடந்தால் வாய் விளிம்புக்குப் போகலாம். போய்வர ஐந்து மணி நேரமாவது பிடிக்கும். நிழலும் தண்ணீரும் வழியில் இல்லை. மூடுபனி வந்தால் புள்ளிகளைவிட்டு ஓர் அடிகூட விலகக் கூடாது.

வெடிப்பு நெருங்குகிறது என்று தெரிந்தால் கீழே இறங்கும் கதவைப் பூட்டிவிடுவார்கள். அப்போது மேலிருந்து பார்ப்பதோடு சரி. 2007 ஏப்ரலில் நடந்த பெரும் வெடிப்பில் உச்சிக் குழி சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது; குழம்பு கடற்கரைச் சாலையை அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. 1977 இல் சேந்த் ரோஸ் பகுதியில் குழம்பு ஊருக்குள் வந்து, மாதா கோயிலைச் சுற்றி வளைத்து வாசலில் நின்றுவிட்டது. அந்தக் கோயில் இன்று பார்க்கக் கூடிய இடம். குழம்பு நின்றதை மக்கள் அதிசயம் என்கிறார்கள். எங்களுக்கு அங்கே பார்க்க வேண்டியது வேறு: வீடிழந்த ஊர் எப்படித் திரும்பக் கட்டிக்கொண்டது என்பது.

கப்பலில் வந்தவர்கள்

விடுதலைச் சட்டம் வந்தபோது நட்டஈடு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு. விடுதலை பெற்றவர்களுக்குக் காசு இல்லை, நிலம் இல்லை. டிசம்பர் 20-க்குள் ஏதாவது ஒரு முதலாளியோடு வேலை ஒப்பந்தம் போட்டாக வேண்டும் என்ற உத்தரவுதான் கிடைத்தது. அதோடு கரும்புத் தோட்டங்களுக்குப் புது ஆள் தேடினார்கள். தேடி வந்தது நம் கரைக்கு.

புதுச்சேரி, காரைக்கால், யானாம் துறைமுகங்களிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். 1860 இல் பிரிட்டனும் பிரான்சும் இதற்கு ஒப்பந்தமே போட்டன. அந்த நூற்றாண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தத் தீவில் இறங்கினார்கள், பெரும்பாலோர் தமிழர். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமாக இருந்தார்கள். அவர்களுக்கு எண் கொடுத்தார்கள். தோட்டத்துக்கு வெளியே சீட்டு இல்லாமல் நடந்தால் 'திரிபவன்' என்று சிறையில் போட்டார்கள். நடமாட்டம் மறுபடியும் குற்றமானது. நடத்திய விதம் பொறுக்காமல் 1882 இல் பிரிட்டிஷ் இந்திய அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

கப்பலில் வந்தவர்கள் முதலில் அடைக்கப்பட்ட இடம் கிராந்த் ஷலூப் என்ற நோய்த்தடுப்பு முகாம். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. இப்போது அதன் ஒரு பகுதியைப் புதுப்பித்து நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். தலைநகர் சேன் தெனி பக்கமிருந்து கருங்கல் பாவிய பழைய பாதை ஒன்று மலைமேல் ஏறி அங்கே இறங்குகிறது. டிசம்பர் 19 அன்று அந்தப் பாதையில் நடந்து முகாமுக்குப் போகிறோம். பேருந்திலும் போகலாம்தான். நடந்தே போவோம் என்று ஐவரும் ஒரே குரலில் சொன்ன ஒரே விஷயம் இது.

அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். பெரும்பாலோர் பேசுவது கிரியோல் மொழியும் பிரெஞ்சும். ஆனால் பீர்க்கங்காய் அங்கே 'பிப்பங்காய்', முருங்கை 'மூரூம்'. பாண்டியாளி என்ற பெயரில் திரௌபதிக்குத் தீ மிதிக்கிறார்கள். மதுரைவீரன் 'மல்தேவிரன்' ஆகியிருக்கிறார். கோயில் வாத்தியங்களில் ஒன்றின் பெயர் 'தப்பு'. நம் ஊரில் சாவுக்கு மட்டும் அடிக்கவைத்து, அடித்தவரைத் தள்ளி நிறுத்திய அதே தப்பு, கடல் தாண்டிச் சாமிக்கு முன்னால் ஒலிக்கிறது.

இதைப் படித்ததும் பெருமையில் குதிக்கத் தோன்றும். கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சாதி ஓர் ஏற்பாடாக அந்தத் தீவில் வேர்விடவில்லை என்பது உண்மை. ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து அர்ச்சகர்களை வரவழைப்பதும், கிடா வெட்டும் பழைய தோட்டக் கோயில் வழக்கத்தைத் தாழ்வாகப் பார்ப்பதும் அங்கே நுழைந்திருக்கிறது. கூலிகள் காப்பாற்றிய சாமியை யார் திருத்துகிறார்கள் என்ற கேள்வி அங்கும் இருக்கிறது.

எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட விதிகள்

ஒன்று: அங்கே யாரிடமும் "உங்க முன்னோர் எந்த ஊர், எந்த ஆளுங்க?" என்று கேட்கக் கூடாது. இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்த மக்களிடம் அதைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவர்களாக நாங்கள் இருக்கக் கூடாது.

இரண்டு: தமிழ் தெரியவில்லையே என்று யாரையும் வருத்தப்படவைக்கக் கூடாது. பதிலாக நாங்கள் கிரியோலில் ஐம்பது சொற்களாவது கற்றுக்கொண்டு போகிறோம்.

மூன்று: தமிழர் வரலாறு என்று சொல்லிக்கொண்டு ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களின் வரலாற்றைத் தாண்டிப் போகக் கூடாது. மலையில் முதலில் பாதை போட்டவர்கள் அவர்கள். டிசம்பர் 20 அவர்கள் நாள். நாங்கள் விருந்தாளிகள்.

நான்கு: கடலில் கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. சுறாத் தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல் பவளத்திட்டுக்கு உட்பட்ட நீரிலும் காவல் உள்ள இடங்களிலும் மட்டுமே குளிக்க அனுமதி.

ஐந்து: மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இதை விதியாக எழுத வேண்டியிருந்ததைப் பார்த்துச் சிரித்தோம், ஆனாலும் அடிக்கவில்லை. அடிமைப்பட்டவர்களின் மலையில் ஏறும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றில்லை. அந்த மலையில் பிள்ளை பெற்று, பாட்டுப் பாடி, பயிர் வைத்து வாழ்ந்தவர்களும் அவர்கள்தான்.

காசு, விசா, கால்

ரீயூனியன் பிரான்சின் பகுதி என்றாலும் ஷெங்கன் வட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அதனால் விசா விதியைத் தனியாகப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். மொரீசியஸ் வழியாகப் பறப்பதாகத் திட்டம். தீவுக்குள் ஊர்களுக்கு இடையே ஓடும் மஞ்சள் பேருந்துகளும் எங்கள் கால்களும் போதும். வாடகைக் கார் ஒரே ஒரு நாள், எரிமலைக்கு. மலைப்பாதைகளில் நடக்கக் கட்டணம் இல்லை. மலை விடுதிகளை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

பயிற்சி தொடங்கிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படிகளில் பத்து கிலோ பையோடு ஏறி இறங்குகிறோம். இறங்கும்போதுதான் முழங்கால் யாருடையது என்பது தெரிகிறது.

ஹாஸ்டல் ஃபீஸ் பேசிய தோழரை நாங்கள் வாதத்தில் வெல்லவில்லை. அவர் ஒரு நிபந்தனை வைத்தார், ஏற்றுக்கொண்டோம். இந்த ஆண்டே போகலாம் என்று இருந்ததை ஓர் ஆண்டு தள்ளிவைத்தோம். அந்த ஓர் ஆண்டில் ஐந்து பேரும் மாதாமாதம் கூடுதலாகப் போட்டு ஆறாவது ஆளுக்குப் பணம் சேர்க்கிறோம். அந்த ஆறாவது ஆள் அரசு விடுதியில் படிக்கும் ஒரு மாணவராக இருப்பார். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், வீட்டில் சம்மதம் வேண்டும், படியேற முழங்கால் வேண்டும். மதிப்பெண் பார்க்க மாட்டோம். கட்டுரைப் போட்டி வைக்க மாட்டோம். "இந்தப் பயணத்தால் சமூகத்துக்கு என்ன செய்வாய்?" என்று கேட்கவும் மாட்டோம். மற்ற பிள்ளைகளிடம் ஊரைப் பார்க்கப் போகும்போது அப்படி யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு கேள்விதான் கேட்போம்: மலை பார்க்க ஆசையா? ஆசை இருக்கிற தோழர்கள் அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்குச் செஞ்சிக்கு வாருங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் எங்களிடம் இருப்பதில் குடிக்கலாம்.

ஜெய்பீம்.